ஆறு செடி தூங்க, முப்பது மேளம் காய்ந்த கதை

ஜனவரி ஆறாம் தேதி மழை பெய்யக் கூடாது. நட்சத்திரத்தின் பின்னால் தொழுவத்துக்கு வந்த மூன்று ராஜாக்களில் ஒருவரான எங்கள் கறுப்பு ராஜா சான் பால்தசாரின் திருநாள் அது. இங்கே மாண்டிவிடியோவில் ஜனவரி நடுக்கோடை, ராத்திரி எட்டு வரை வெளிச்சம் இருக்கும். எங்கள் பேட்டைத் தெருக்களில் அன்று சாயங்காலம் மேளக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். இறங்குவதற்கு முன்னால் தெருமுனையில் விறகைக் குவித்துத் தீ மூட்டி, சுற்றிலும் மேளங்களைச் சாய்த்து வைத்துத் தோலைக் காய்ச்ச வேண்டும். காயாத தோல் வாய் திறக்காது. இதெல்லாம் ராஜாவுக்குத் தெரியும், மேகத்துக்குத்தான் தெரியவில்லை. நான் சொல்லப்போகிற வருஷத்தில் விடியற்காலையில் பிடித்த மழை மத்தியானச் சாப்பாட்டுக்கும் போகவில்லை. விறகு ஊறிப் பிஸ்கட் மாதிரி ஆகிவிட்டது.

அன்று ஊரில் எல்லோரும் வானத்தைத்தான் பார்த்தார்கள். என் மேல்மாடி நெல்பா மட்டும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

நெல்பாவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டு ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறுநாளே ஒரு ரெபிக்கே மேளம் வாங்கிவந்தாள். ரெபிக்கே என்பது நடு அளவு மேளம். சின்ன மேளம் ஓடும், பெரிய மேளம் நடக்கும், இது இரண்டுக்கும் நடுவில் நின்று வம்பு பேசும். அவளுக்குப் பொருத்தம்தான். மூன்று வருஷமாக எங்கள் குழுத் தலைவர் பிலோமெனோவிடம் வரிசையில் ஓர் இடம் கேட்டாள். மூன்று வருஷமாக அவர் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். டிசம்பரில் ரெபிக்கே வாசிக்கிற ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். பாவம், நல்ல மனிதர். நெல்பா அன்றைக்கு எனக்கும் தனக்கும் ஐஸ்கிரீம் வாங்கிவந்தாள். இதை வெளியில் சொல்லிவிடாதீர்கள்.

பிலோமெனோ ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். ஆறாம் தேதி சாயங்காலம் ஏழு மணிக்கு மருந்துக்கடை முனைக்கு வர வேண்டும், மேளம் காய்ந்து கணீரென்று இருக்க வேண்டும். அது அவர் எல்லோருக்கும் வைத்திருக்கிற சட்டம். ஏழு மணிக்கு வரிசையில் ஒவ்வொரு மேளமாக விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். தொய்ந்த தோல் வீட்டுக்கு. யாராக இருந்தாலும் சரி.

மற்ற குழுக்களில் பாதிப்பேர் திருகாணி வைத்த மேளத்துக்கு மாறிவிட்டார்கள். சாவியைப் போட்டு நாலு முறுக்கு முறுக்கினால் தோல் இறுகிவிடும், மழையாவது வெயிலாவது. எங்கள் குழுவில் அந்தப் பேச்சை எடுத்தால் பிலோமெனோ, திருகாணி அலமாரிக்கு, மேளத்துக்கு ஆணிதான் என்பார். அதனால் எங்கள் முப்பது மேளமும் ஆணி அடித்த தோல். அதனால் முப்பதுக்கும் தீ வேண்டும். அதனால் அந்த மழையில் முப்பது மேளமும் நனைந்த அப்பளம் மாதிரி உட்கார்ந்திருந்தன.

இரண்டு மணிக்கு நெல்பா படியிறங்கி என் கதவைத் தட்டினாள். கையில் வெப்பமானி.

“கோக்கா அக்கா, ஒரு பைத்தியக்கார வேலை செய்யப்போறேன். நீங்க வேணும்.”

அவள் பைத்தியக்கார வேலைக்கு என்னைக் கூப்பிடாமல் இருந்தால்தான் எனக்கு வருத்தம்.

அவள் வீட்டுப் பின்னறையில் ஒரு கறுப்புக் கூடாரம் உண்டு. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஆளுயரம், உள்ளே முழுக்க வெள்ளித்தாள். அதில் ஆறு கஞ்சாச் செடி. அரசாங்கப் பதிவேட்டில் அவள் பேரில் உள்ளவை, எங்கள் நாட்டில் அதற்குச் சட்டம் உண்டு. வீட்டுக்கு ஆறுதான் கணக்கு, ஏழாவதாக ஒரு முளை எட்டிப் பார்த்தாலும் நெல்பா கவலைப்படுகிற ஆள். அதில் அவள் காய்ச்சுகிற தைலத்தால்தான் என் முழங்கால் இன்னும் படியேறுகிறது. செடிகளுக்கு மேலே தெருவிளக்கு மாதிரி ஆரஞ்சு நிறத்தில் எரிகிற நானூறு வாட் சோடியம் விளக்கு தொங்கும். அதுதான் அவளுக்குச் சூரியன், அதுதான் அவளுக்குச் சத்துரு. முதல் கோடையில் கூடாரத்துக்குள் முப்பத்தொன்பது டிகிரி போய் இலையெல்லாம் கரண்டி மாதிரி குழிந்துபோனது. விளக்கைப் பிளாஸ்டிக் கயிற்றில் கட்டியிருந்தாள். கயிறு சூட்டில் இளகி, விளக்கு ஒரு சாண் கீழே இறங்கி வந்து செடிக்கு முத்தம் கொடுக்கப் பார்த்தது. அன்றிலிருந்து இரும்புச் சங்கிலி. வெப்பக்காற்றை இழுத்து ஜன்னல் வழியே வெளியே தள்ள ஒரு விசிறி, அதற்கு வளைவு நெளிவு இல்லாத தடித்த குழாய். கோடையில் விளக்கு ராத்திரி எட்டு முதல் காலை எட்டு வரைதான். பகல் செடிகளுக்குத் தூக்கம். அந்தத் தூக்கத்தில் ஒரு கீற்று வெளிச்சம் பட்டாலும் பூ கெட்டுவிடும் என்பாள்.

மூன்று கோடையாகச் சூட்டை விரட்டவே பிறந்தவள் மாதிரி இருந்தவளுக்கு, அன்று முதல் தடவையாகச் சூடு வேண்டியிருந்தது.

திட்டம் இதுதான். அறையை இருட்டாக்கி, தூங்குகிற செடிகளைத் தொட்டியோடு தூக்கிக் குளியலறையில் விடுவது. குளியலறைக்கு ஜன்னல் கிடையாது, கதவிடுக்கில் துண்டை அடைத்தால் பாதாளம். காலியான கூடாரத்தில் அவளுடைய மேளத்தை வைத்து விளக்கைப் போடுவது. செடிக்குப் பூ வந்து அறுவடைக்குப் பத்து நாள்தான் இருந்தது. தொட்டில் பிள்ளையைத் தூக்குவது போல ஒவ்வொன்றாகத் தூக்கினாள், நான் முன்னால் கதவைத் திறந்து திறந்து விட்டேன். மூன்றாவது செடி என் மூக்கில் உரசியது. தும்மல் வந்தது. அடக்கிக்கொண்டேன். பின்னே, தூங்குகிறதே.

மேளத்தை ஒரு முக்காலியில் நிறுத்தி, தோல் மேலே பார்க்க, விளக்குக்கு இரண்டு சாண் கீழே வைத்தாள். பிறகு உள்ளங்கையைத் தோலுக்கு ஒட்டி நீட்டி எண்ணினாள். செடிக்கு அவள் வைத்திருந்த சோதனை அது. முப்பது எண்ணும்வரை கை தாங்கினால் இலை தாங்கும். தோலுக்கு இருபது போதும் என்று முடிவு செய்தாள். இருபதுக்கு முன்பே கை சுட்டால் தோல் இறுகாது, வெடிக்கும். இருபது நிமிஷத்தில் எடுத்துத் தட்டினாள்.

கண்ணுகளா, அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்ல. மூன்று மாடிக் கட்டிடமும் ஒரு கண்ணாடி டம்ளர் மாதிரி கணீரென்றது. மழை ஒரு நொடி நின்று கேட்டது போல எனக்குத் தோன்றியது. நெல்பா மேளத்தைக் கம்பளியில் சுற்றித் தன் படுக்கையில் படுக்க வைத்தாள். இரண்டு பேரும் சமையலறையில் கைகோத்துக் குதித்தோம். என் முழங்காலுக்கு அது பிடிக்கவில்லை.

அங்கேதான் எங்கள் தப்பு. மழை நாளில், எல்லா மேளமும் ஊமையாகிக் கிடக்கிற தெருவில், ஒரே ஒரு மேளம் பேசினால் அது யாருக்குக் கேட்காமல் போகும்? பத்து நிமிஷத்தில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் பிலோமெனோ. எழுபது வயது, ஆறடி உயரம், நனைந்த வெள்ளைத் தாடி. அவருக்குப் பின்னால் தபால்காரன் லீபர், எங்கள் ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் அவன் குண்டன். அவனுக்குப் பின்னால் படி நிறைய ஆட்கள், ஆளுக்கொரு மேளம்.

பிலோமெனோ நேரே பின்னறைக்குப் போனார். கூடாரத்தைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். நெல்பாவின் முகம் வெளுத்தது. தோல் புகையைக் குடிக்க வேண்டும், விளக்கில் காய்ச்சுவது மேளத்தை ஏமாற்றுவது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். அவர் சொன்னதும் அதைத்தான். தாத்தா காலத்திலிருந்து தீ, புகை, விறகு என்று ஒரு பிரசங்கமே செய்தார். பேசிக்கொண்டே கையை உள்ளே நீட்டினார். சூடு பட்டதும் பிரசங்கம் பாதியில் நின்றது. கையைத் திருப்பிப் புறங்கையையும் காட்டினார். அடுப்பில் குளிர்காய்கிற பூனையின் முகம் வந்துவிட்டது அவருக்கு.

“ஒரு ஈடுக்கு எத்தனை மேளம் வைக்கலாம்?” என்று கேட்டார்.

“நாலு. அஞ்சாவது வச்சா காத்து சுத்தாது.”

அவ்வளவுதான், அனுமதி. நெல்பாவுடையது முடிந்தது, மிச்சம் இருபத்தொன்பது. தலைவர் மேளம் எல்லோருக்கும் பின்னால்தான் என்று பிலோமெனோ கையைக் கட்டிக்கொண்டார். ஆக இருபத்தெட்டு, நாலு நாலாக ஏழு ஈடு, ஈடுக்கு இருபது நிமிஷம். மணி மூன்றரை. ஆறுக்குள் முடிந்துவிடும், ஏழு மணிக்கு முன் தலைவருடையதையும் முடித்துவிடலாம். எங்கள் குழுவின் முறை சரியாக ஏழு. தவறவிட்டால் அடுத்த குழு உள்ளே வந்துவிடும், எங்களுக்கு அடுத்த வருஷம்தான்.

பள்ளிக்கூடச் சமையலறை நெல்பா திரும்பி வந்தாள். ஈரமேளம் உள்ளே வராது, துடைத்துவிட்டு வா. துணி, கம்பளி, தொப்பி எதுவும் கூடாரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். விளக்கைத் தொட்டால் விரல் விளக்கோடு போகும். ஒருத்தர் கேட்டார், அந்த விசிறி நல்ல சூட்டையெல்லாம் ஜன்னல் வழியே வீணாக வெளியே தள்ளுகிறதே, அதை நிறுத்தினால் சீக்கிரம் காயாதா என்று. விசிறி நின்றால் விளக்கும் நிற்கும் என்றாள். கொஞ்சம் யோசித்த இன்னொருத்தர், சரி, குழாய் வாயை மட்டும் லேசாக மூடிவைக்கலாமே என்றார். அவரை மாடிப்படிக்கு அனுப்பிவிட்டாள்.

என் வேலை குளியலறைக் கதவு, வீட்டுக் கழிப்பறையும் அதற்குள்தான். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மழை பெய்தால் எங்கள் ஊரில் மாவு பிசைந்து ரொட்டி பொரிக்காத வீடு கிடையாது. யாரோ நெல்பாவின் அடுப்பில் எண்ணெய் வைத்துவிட்டார்கள். ரொட்டி இருந்தால் மாத்தே இலைக் கஷாயம் வேண்டும். ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு குடுவை, கக்கத்தில் வெந்நீர்க் குப்பி, உறிஞ்சிக்கொண்டே இருந்தார்கள். மாத்தே உள்ளே போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலரை மணிக்கு முதல் ஆள் வந்து என் முன்னால் நின்றார்.

உள்ளே யார் என்று கேட்டார். செடி என்றேன். என்ன செய்கிறது என்றார். தூங்குகிறது என்றேன். எழுப்பச் சொன்னார். எட்டு மணிக்கு முன்னால் எழுப்பினால் பூ கெட்டுவிடும், நெல்பா என்னைக் கொன்றுவிடுவாள் என்றேன். இருட்டிலேயே, கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் போடாமல் முடித்துவிடுவதாகக் கெஞ்சினார். முடியாது என்றேன், என் வீட்டுக் கழிப்பறையோ அந்த வாரம் அடைத்துக் கிடந்தது. முனையிலிருக்கிற மதுக்கடைக்கு மழையில் ஓடினார். அங்கே ஏதாவது வாங்கினால்தான் கழிப்பறைச் சாவி தருவார்கள். எனவே ஒரு பீர் குடித்தார். எனவே அரை மணி நேரத்தில் திரும்ப என் முன்னால் நின்றார். இப்படியே அந்த ஓட்டம் வளர்ந்து, ஐந்தரை மணிக்கு எங்கள் கட்டிடத்துக்கும் மதுக்கடைக்கும் நடுவில் எறும்புச்சாரி மாதிரி ஆகிவிட்டது. குண்டன் லீபர் மட்டும் ஓடவில்லை. கதவில் வாயை வைத்துச் செடிகளுக்குத் தாலாட்டுப் பாடினான். நன்றாகத் தூங்கினால் சீக்கிரம் எழுந்துவிடும் அல்லவா என்பது அவன் கணக்கு.

ஈடு ஈடாக மேளம் காய்ந்து வந்தது. எடுக்கும்போதெல்லாம் நெல்பா ஒரு தட்டுத் தட்டுவாள், கணீர் என்னும், படி முழுக்கக் கைதட்டும். காய்ந்தது ஆறக் கூடாது என்று கம்பளி, போர்வை, என் சோபா உறை, எல்லாவற்றையும் எடுத்துச் சுற்றி நெல்பாவின் படுக்கையில் அடுக்கினார்கள். கடைசியில் அந்தப் படுக்கை பிரசவ ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது. நெல்பா ஒவ்வொரு ஈடுக்கு நடுவிலும் புறங்கையால் பிளக்கைத் தொட்டுப் பார்ப்பாள். பழைய கட்டிடம், பழைய கம்பி. அந்தச் சுவர்ப் பெட்டியில் விளக்கும் விசிறியும் மட்டும்தான் மாட்டலாம் என்பது அவள் சட்டம். மூன்றாவது ஓட்டை ஒன்று காலியாக இருந்தது. அதற்கு மேல் அட்டையில் ‘வேண்டாம்’ என்று எழுதி ஒட்டியிருந்தாள்.

ஏழாவது ஈடு உள்ளே போனபோது மணி ஆறு. அதில் குண்டனுடையதும் ஒன்று. ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. வீட்டில் பொட்டென்று ஒரு சத்தம். விளக்கு, விசிறி, சமையலறை விளக்கு, கீழ்மாடி வானொலி, எல்லாம் அணைந்தன. மழை இருட்டில் யாரோ, செடி எழுந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

நெல்பா கைவிளக்கோடு ஓடினாள். கூடாரத்துக்குப் பக்கத்தில் குண்டன் நின்றான், கையில் நெல்பாவின் தலைமுடி உலர்த்தி. கூடாரத் திறப்பு வழியாகத் தன் மேளத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் காற்று ஊதியிருக்கிறான். அதன் வயர் அந்த மூன்றாவது ஓட்டையில்.

“அட்டையைப் படிச்சியா இல்லையா, குண்டா?”

“படிச்சேன். செடிக்கு எழுதினதுன்னு நெனச்சேன்.”

கூட்டமே சிரித்தது. நெல்பா சிரிக்கவில்லை. பிளக்கைத் தொட்டாள், கையை உதறிக்கொண்டாள். வறுத்த ரொட்டி மாதிரி சுட்டது. பெட்டியின் ஓரம் பழுப்பேறி ஒரு நாற்றம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் மழையிலும் எரிந்திருக்கும் அந்தக் கட்டிடம். எல்லாவற்றையும் பிடுங்கினாள். ஜன்னலைத் திறந்தாள். குண்டன் உலர்த்தியைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றான்.

கீழே போய் மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டு வந்தார்கள். விளக்கு எரியவில்லை. கெட்டுவிட்டதா என்று எல்லோரும் பதறினார்கள். கெடவில்லை. அந்த வகை விளக்கு சூட்டோடு அணைந்தால் நன்றாக ஆறின பிறகுதான் மறுபடி பற்றும், அதைத் தட்டினாலும் திட்டினாலும் பயனில்லை. கால் மணி நேரம் என்றாள் நெல்பா. இருபது பேர் மூச்சுவிடாமல் ஒரு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்ற கால் மணி நேரம் அது. அவளோ சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, அந்தத் தனிச் சுவர்ப் பெட்டிக்கு விளக்கையும் விசிறியையும் இழுத்து மாட்டினாள். யாரோ ஒரு நல்ல ஆத்மா, குளிர்சாதனப் பெட்டியில் இருந்த ஐஸ்கிரீம் உருகிவிடுமே என்று அதைக் காப்பாற்றினார். கரண்டியோடு.

விளக்கு பற்றியபோது ஆறு இருபத்தைந்து. அந்தக் கடைசி நாலும் காய்ந்து வெளியே வந்தபோது ஆறு நாற்பத்தெட்டு. விளக்கு பற்றினபோதே, அஞ்சாவதாக உங்களுடையதை வைத்துவிடவா என்று நெல்பாவே தன் சட்டத்தைத் தளர்த்திப் பிலோமெனோவிடம் கேட்டிருந்தாள். குண்டன் தன் இடத்தைத் தருவதாக அழாக்குறையாகச் சொன்னான். பிலோமெனோ இரண்டுக்கும் தலையாட்டவில்லை. தலைவருடையது எல்லோருக்கும் பின்னால். இப்போது எல்லோரும் முடிந்தார்கள். கையைக் கட்டியே வைத்திருந்த மனிதர் தானே தன் மேளத்தைத் தூக்கி உள்ளே வைத்தார்.

மற்றவர்கள் கம்பளிப் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். வீட்டில் நாங்கள் நாலு பேர்தான். அவர், அவள், நான், குற்றவாளி குண்டன். அவர் மேளத்துக்கு இருபது நிமிஷம் வேண்டும். அவருக்கு இருந்தது பத்து.

ஆறு ஐம்பத்தைந்துக்கு நெல்பா சமையலறைக்குப் போய்ப் புறங்கையைப் பிளக்கில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அங்கேயே நின்றாள். எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

“வயர் சூடாகுது, தலைவரே. போதும், நிறுத்தறேன்.”

“இன்னும் பத்து நிமிஷம். கீழ அஞ்சு நிமிஷம் பேசிச் சமாளிச்சுக்கறேன்.”

“பத்து நிமிஷத்துல மேளம் காயும். கூடவே வீடும் காயும்.”

பிலோமெனோ தாடியைத் தடவினார். கோபக்காரர் இல்லை அவர். ஆனால் நாற்பது வருஷமாக அந்த வரிசையின் முன்னால் மேளத்தோடு நடந்தவர். இல்லாமல் எப்படி நடப்பது என்று அவருக்குத் தெரியாது. மெதுவாகத்தான் சொன்னார், அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது.

“நெல்பா, இன்னிக்கு வரிசையில யார் நிக்கறது, யார் போறதுன்னு சொல்றது நான். ஞாபகம் இருக்குல்ல?”

“இருக்கு,” என்றாள் நெல்பா. பிளக்கைப் பிடுங்கினாள்.

ஆரஞ்சு வெளிச்சம் பின்னறையிலிருந்து சுருங்கிப் போனது. குண்டன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். அவர் தன் மேளத்தை எடுத்துத் தோளில் மாட்டிப் படியிறங்கினார். நெல்பா அந்தப் பிளக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மூன்று வருஷத்தையும் நானே பிடுங்கிட்டேனா அக்கா என்று கேட்டாள். போய்த் தட்டக் கொடு, அந்த மனுஷன் வாயாலே சொல்லட்டும், நாமாகத் திரும்ப வேண்டாம் என்றேன். படுக்கையிலிருந்து அவள் மேளத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். கம்பளிக்குள் அது இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

மருந்துக்கடை முனையில் தூறல். முப்பது பேரும் வரிசையாக நின்றார்கள். பிலோமெனோ கடைசி வரிசையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். கணீர். கணீர். கணீர். குண்டனுடையது எல்லாவற்றையும் விடக் கணீர். வெட்கத்தில் அவன் காது சிவந்தது. நெல்பாவிடம் வந்தார். தட்டினார். நின்றார். மறுபடியும் தட்டினார். காதைச் சாய்த்து மூன்றாவது தடவையும் தட்டினார். அதில் ஒரு குறையாவது கிடைக்குமா என்று தேடுகிறாரோ என்று நடைபாதையில் நின்ற நான் குடையைச் சாய்த்து எட்டிப் பார்த்தேன். தோல் மூன்று தடவையும் ஒரே பதிலைச் சொன்னது. அவர் அவளைத் தாண்டிப் போய் முன்னால் நின்று, தொடங்கக் கையைத் தூக்கினார்.

“தலைவரே,” என்றான் குண்டன். அவன்தான், வேறு யாருக்கு அந்தத் துணிச்சல் வரும். “உங்களோடது இன்னும் தட்டலையே.”

தெரு அப்படியே நின்றது. பிலோமெனோ குனிந்து தன் மேளத்தைப் பார்த்தார். விரல் முட்டியால் ஒரு தட்டு.

தொப்.

நனைந்த அட்டைப்பெட்டியை மாடிப்படியில் உருட்டிவிட்டால் வருமே, அந்தச் சத்தம். முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு நெல்பாவின் தொண்டையிலிருந்து ஒரு விக்கல் மாதிரி ஒன்று வந்தது. அடுத்து பெரிய மேளக்காரர்களில் ஒருத்தர். பிறகு வரிசை முழுக்க, மருந்துக்கடை வாசல் முழுக்க, மேல் ஜன்னல்கள் முழுக்க. பிலோமெனோவின் தாடி ஆட ஆரம்பித்தது. அந்த மனிதர் கண்ணில் நீர் வர, தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

தோளிலிருந்து வாரைக் கழற்றினார். என்னிடம் வந்து மேளத்தை என் கையில் கொடுத்தார். என் கையிலிருந்த குடையை எடுத்துக்கொண்டார். மஞ்சள் துணியில் ஊதாப் பூப் போட்ட குடை, ஒரு கம்பி உடைந்தது. அதை விரித்துக்கொண்டு வரிசைக்குள் போய் நெல்பாவுக்குப் பக்கத்தில் நின்று, அவள் தலைக்கு இல்லை, அவள் மேளத்தின் தோலுக்கு மேலே பிடித்தார்.

“ம், ஆரம்பி. உன் அடியிலதான் இன்னிக்கு எல்லாரும் கெளம்பணும்.”

நெல்பாவுக்குக் கை எங்கே, குச்சி எங்கே என்று தெரியவில்லை. முதல் அடி மேளத்தின் மரத்தில் விழுந்தது. இரண்டாவது தோலில் விழுந்தது. மூன்றாவதில் மற்ற இருபத்தெட்டு மேளமும் பிடித்துக்கொள்ள, மருந்துக்கடைக் கண்ணாடி அதிர்ந்தது, தெரு நகர்ந்தது. என்னைத் தாண்டும்போது அவள் அடியை விடாமல் கத்தினாள், கூடாரம் நல்லா ஆறினப்புறம்தான் செடி, எட்டு மணி வரைக்கும் கதவைத் திறந்துடாதீங்க அக்கா என்று. சரி சரி என்று தலையாட்டினேன். நனைந்த மேளத்தைக் கட்டிக்கொண்டு, குடையில்லாமல், நடைபாதையோரமாகவே அவர்களோடு நடந்தேன். என் முழங்கால் அன்று என்னைக் கேட்காமலே நடந்தது.

இரண்டாவது சந்தில் தூறல் நின்றுவிட்டது. மூன்றாவது சந்தில் மேகம் பிளந்து கடல் பக்கமிருந்து வெயில்கூட வந்தது. பிலோமெனோ கவனிக்கவில்லை. கை கடுத்தால் குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, நெல்பா இடது கையைத் தாமதமாக இறக்கும்போதெல்லாம் காதோரம் ஏதோ திட்டிக்கொண்டு, காய்ந்த தெருவில் அந்த உடைந்த கம்பிக் குடையை அவள் மேளத்துக்கு மேல் நேராகப் பிடித்தபடியே நடந்தார்.